சைக்கிள் கிளறிக்கு நான் எழுதிய அறிக்கை

இந்த மாவட்டத்தில் அதிகம் பேர் படித்த எழுத்து என்னுடையது. நம்பாதவர்கள் அறுவடைக் காலத்தில் ஒருநாள் பூநகரிப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்து பாருங்கள். முன்னால் நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று போகும். பாதை ஒடுக்கம், முந்த முடியாது. அது இழுக்கிற பெட்டியின் பின்பலகையில் என் பட்டறையின் பெயர் சிவப்பு மையில் இருக்கும். முந்த இடம் கிடைக்கும்வரை அதைத்தான் படித்துக்கொண்டு வரவேண்டும். படித்தவர்கள் புத்தகம் எழுதுகிறார்கள். வாங்கினவன் படித்தானோ இல்லையோ என்று அவர்களுக்கே தெரியாது. என்னைப் படிக்காமல் இந்தப் பக்கத்தில் ஒருவரும் வீடு போய்ச் சேர முடியாது.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். வசதி இல்லை என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். மனமும் இல்லை என்பது எனக்கும் என் வாத்தியாருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். யாழ்ப்பாணத்துக் காணியை விட்டுவிட்டு, குளத்துத் தண்ணீரை நம்பி வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அண்ணன்மார் வயலுக்குப் போனார்கள். நான் ஒரு சுத்தியலோடு இரும்புக்குப் போனேன். இடையில் யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து, கூரை இல்லாத சுவருக்குள் மறுபடி தொடங்கியதும் அதே சுத்தியலோடுதான். இன்று இந்தப் பக்கத்து வயல்களில் ஓடுகிற பெட்டிகளில் பெரும்பாலானவை என் பட்டறையில் பிறந்தவை. இந்த ஒற்றைச் சுத்தியல் கதையை நான் தொடங்கினால், கேட்கிறவர்கள் மீதியைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். என் மனைவி மட்டும் கடைசியில் ஒன்று சேர்ப்பாள்.

"அந்தச் சுத்தியலும் என்ரை அப்பாவின்ரை. இவர் கலியாணத்துக்கு முந்தியே அதை எடுத்துக்கொண்டு போட்டார்."

அவள் பத்தாம் வகுப்புவரை படித்தவள். அதனால் வசனத்தை எங்கே நிறுத்தினால் மற்றவனுக்கு வலிக்கும் என்று தெரியும்.

எழுத்து விஷயத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டறையில் இருந்து வெளியே போகிற எந்தப் பொருளிலும் என் எழுத்து இருக்கவேண்டும். விற்றது என்றால் பட்டறையின் பெயர். சும்மா கொடுத்தது என்றால் மேலே 'உபயம்' என்று போட்டு, அதன் கீழே பட்டறையின் பெயர். பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் இருக்கிற வாங்கு, கோயில் ஏணி, பள்ளிக்கூடத்து முன் கேற் என்று எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். வெளியில் சொல்லாமல் கொடுப்பது பெரிய குணம் என்பார்கள். இருக்கட்டும். சொல்லாமல் கொடுத்தால் அடுத்த கோயில்காரன் என்னிடம் வந்து கேட்பது எப்படி?

பேனா பிடித்தால் என் கை நடுங்கும். தூரிகை பிடித்தால் நடுங்காது. எழுத்து அச்சில் போட்டதுபோல் விழும். ஒருமுறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்களுக்காக வழியில் போட்ட தண்ணீர்ப்பந்தலுக்கு, தண்ணீர்த் தாங்கி வைக்க ஓர் இரும்பு நிலை செய்து கொடுத்தேன். எழுத்தை அன்று காலையில்தான் எழுதினேன். மை காயவில்லை. வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு பெரியவர் அதில் சாய்ந்து நின்று ஆறுதலாக மோர் குடித்துவிட்டுப் போனார். மீதி வழி முழுவதும் அவர் என்னை முதுகில் சுமந்துகொண்டுதான் நடந்தார், எழுத்து மட்டும் இடம் வலமாக மாறி இருந்தது.

"அம்மாளுக்கே உங்களை அறிமுகப்படுத்திப் போட்டார் மனிசன்," என்றாள் மனைவி.

இந்தப் பழக்கம்தான் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

அவள் உயர்தர வகுப்பில் தொழினுட்பம் படிக்கிறவள். மலைநாட்டுத் தோட்டப் பக்கத்தில் இருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். தாய்க்கு ஊர் அரிசி ஆலையில், நெல் காயவிடும் தளத்தில் வேலை. தளம் என்பது வெயிலில் கொதிக்கிற பெரிய சீமெந்து நிலம். அவித்த நெல்லை அதில் பரப்பிவிட்டு, மேலும் கீழும் ஒரேபோல் காய்வதற்காக, காலால் இழுத்து இழுத்துச் சால் போட்டபடி நடக்க வேண்டும். ஒரு கரையில் முடித்தால் மற்றக் கரை காத்துக்கொண்டிருக்கும்.

ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளை பழைய சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்தாள்.

"தாத்தா, உங்கடை வெல்டிங் மிஷினைப் பின்னேரங்களிலை தருவீங்களோ? பள்ளிக்கூடத்து மிஷின் பழுதாப் போச்சு."

தாத்தா என்றதிலேயே நான் பாதி மறுத்துவிட்டேன்.

"நான் உனக்கு எந்த முறையிலை தாத்தா?"

"அப்ப எப்பிடிக் கூப்பிட?"

"எல்லாரும் முதலாளி எண்டுதான் கூப்பிடுறவை."

"சரி, முதலாளித் தாத்தா."

குசினிப் பக்கம் இருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீடும் பட்டறையும் ஒரே வளவுக்குள். அதனால் எனக்கு நடக்கிற எந்த அவமானமும் சாட்சி இல்லாமல் நடந்ததில்லை.

பிள்ளை விஷயத்தை விளக்கினாள். உயர்தரம் படிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் தனியாள் செயற்றிட்டம் ஒன்று செய்யவேண்டுமாம். பிரச்சினையைத் தானே தேடி, வழியைத் தானே யோசித்து, தன் கையால் செய்து காட்ட வேண்டும். அவள் செய்யப்போவது, சைக்கிளின் பின்னால் பூட்டி இழுக்கிற ஒரு நெல் கிளறி. சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனால் கிளறி பின்னால் சால் போட்டுக்கொண்டு வரும். கால் நெல்லில் படத் தேவையில்லை.

யோசனை மோசமில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"பல்லுக்குக் கட்டைக் கம்பி போடு. நல்ல இரும்பு கிடக்கு."

"இல்லைத் தாத்தா, இரும்பு சீமெந்தைச் சுரண்டும். அரிசியிலை கல்லு மண் சேரும். பழைய ரயரைப் பட்டி பட்டியா வெட்டிப் போடப்போறன்."

"றப்பரோ? நீ நெல்லைக் கிளறப்போறியோ, தடவி நித்திரையாக்கப்போறியோ?"

"தடவித்தான் பாப்பமே."

எனக்கு வாய் அடைபட்டால் பொறுக்காது. கடைசியாக ஒன்று கேட்டேன்.

"உன்ரை அம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

அவள் சைக்கிளின் மணியை ஒருமுறை தட்டினாள். பிறகு, "பழக்குவன்," என்றாள்.

பழைய இரும்புக் குவியலில் விரும்பியதை எடுக்கச் சொன்னேன். மிஷினையும் கொடுத்தேன். பதிலுக்கு அவள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள். கிளறியில் நான் கை வைக்கக் கூடாது. என் பட்டறை, என் மிஷின், என் இரும்பு, என் மின்சாரம், ஆனால் என் கை மட்டும் ஆகாது.

"செயற்றிட்டச் சட்டம் அப்பிடித்தான் தாத்தா. வேறை ஆக்கள் தொட்டா ஏற்க மாட்டினம்."

அதற்குப் பிறகு வந்த பின்னேரங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சமைக்கத் தெரிந்தவள் பக்கத்தில் நின்று, இன்னொருத்தி சோறு அடிப்பிடிக்க விடுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒட்டுவதற்கு வைத்த குழாயில் ஓட்டை விழும். ஓட்டையை மூட அவள் தகடு வைப்பாள். தகடு கோணும். கோணலை நிமிர்த்தச் சுத்தியலால் அடித்தால் பக்கத்து ஒட்டு விடும். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து, தொண்டையைச் செருமுவேன்.

"இஞ்சருங்கோ, கையைப் பின்னாலை கட்டுங்கோ," என்று மனைவி வாசலில் இருந்து சொல்வாள்.

"கட்டித்தானே இருக்கு."

"அப்ப வாயையும் கட்டுங்கோ."

நான் சொன்ன புத்திகளில் அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடு என்ற ஒன்றை மட்டும்தான்.

ஒருவழியாக வேலை முடிந்தது. சாம்பல் நிற மை பூசி, காயவிட்டுவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் அடுத்த நாள் காலை வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து மதிப்பீடு செய்ய வருகிறார்கள், விடிய வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள்.

அவள் போனபிறகு நான் கிளறியைச் சுற்றி வந்தேன். பின்பக்கத்தில் அகலமான குறுக்குத் தகடு ஒன்று. அதில் ஒன்றும் இல்லை. என் பட்டறையில் இருந்து ஒரு பொருள் வாய் பேசாமல் வெளியே போகப்போகிறது. நான் கை வைக்கவில்லை. தூரிகைதான் வைத்தேன். உபயம், அதன் கீழே பட்டறைப் பெயர், இரண்டு வரி, ஒரு எழுத்துக்கூடச் சாயவில்லை.

காலையில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்து, கிளறியைச் சைக்கிளில் பூட்டிக்கொண்டு பறந்துவிட்டாள். சைக்கிள் ஓடுகிறவர் முன்னால் பார்த்துத்தான் ஓடுவார். பின்பக்க எழுத்து பின்னால் நிற்கிறவர்களுக்கு. இது நான் வாழ்நாள் முழுவதும் நம்பித் தொழில் செய்த உண்மை.

பள்ளிக்கூட முற்றத்தில் சாக்கு விரித்து நெல் பரப்பி இருந்தார்களாம். வலயத்தில் இருந்து வந்த இருவரும், பொறுப்பாசிரியரும் ஓரமாக நின்றார்களாம். பிள்ளை ஓட்டிக்கொண்டு போனாள். றப்பர்ப் பல்லு நெல்லில் அழகாகச் சால் போட்டது. பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போனதும், மூவரும் என்னைப் படித்தார்கள்.

மத்தியானம் அவள் என் பட்டறைக்கு வந்த வேகத்தில் கோழிகள் விலகின.

"தாத்தா, உங்களை ஆர் மை அடிக்கச் சொன்னது?"

"ஏன், எழுத்து நல்லா இல்லையோ?"

"எழுத்து நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை! உபயம் எண்டு கிடக்கு, பட்டறைப் பேர் கிடக்கு. இது கடையிலை செய்து வாங்கின சாமான் எண்டு சொல்லுகினம். நான் செய்தனான் எண்டு சொல்ல, அந்தப் பெரிய சேர் சிரிக்கிறார்."

"நான் இரும்பைத்தானே உபயம் எண்டனான்."

"அதை எங்கை எழுதினனீங்கள்?"

எழுதவில்லை. உபயம் என்றால் உபயம். எதை எவ்வளவு என்று யார் எழுதுகிறார்கள்? கோயில் கோபுரத்துக்கு ஒரு சாக்குச் சீமெந்து கொடுத்தவரும் உபயம் என்றுதான் போடுகிறார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். வாசல் நிலையில் சாய்ந்து நின்று, ஒட்டு வேலையில் நெருப்புப் பொறி பட்ட தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இங்கே எழுத்து வைக்கப்போவதில்லை.

பின்னேரம் பொறுப்பாசிரியர் வந்தார். இளம் மனிதர், நல்ல பொறுமை. கதிரையில் இருக்கவைத்தோம். அவர் சொன்னது இதுதான். வந்தவர்கள் முடிவாக மறுக்கவில்லை. அடுத்த கிழமை திரும்ப வருகிறார்கள். அதற்குள் பட்டறைக்காரர் ஓர் அறிக்கை எழுதித் தரவேண்டும். பிள்ளை எதைத் தானே செய்தாள் என்று அதில் தெளிவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவள் இன்னொரு செயற்றிட்டத்தை முதலில் இருந்து தொடங்க வேண்டும். தவணையோ முடியப்போகிறது.

"ஒரு பக்கம் போதும் ஐயா. பிள்ளையைப் பற்றி மட்டும் எழுதுங்கோ."

"அதுக்கென்ன சேர். இந்த மாவட்டத்திலையே அதிகம் பேர் படிச்ச எழுத்து என்ரைதான்."

"ஓம் ஐயா, நானும் மோட்டார் சைக்கிளிலைதான் வாறனான்," என்றார் அவர்.

அன்றே எழுதினேன். பேனா நடுங்கினாலும் விடவில்லை. எழுதி முடித்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள்.

"'ஒரு சுத்தியலோடு இந்த ஊருக்கு வந்தவன் நான்...' இதென்ன, பிள்ளையின்ரை அறிக்கையோ, உங்கடை கல்வெட்டோ?"

"ஆர் எழுதுறது எண்டு அவைக்குத் தெரிய வேண்டாமோ?"

"தெரியட்டும். பிள்ளை எங்கை?"

"கீழை வருவாள், வாசியும்."

அவள் வாசித்தாள். முதல் பக்கம் முழுக்க நான் இருந்தேன். மறுபக்கத்தில் பட்டறை எரிந்து மறுபடி எழுந்தது. கடைசி வரியில் பிள்ளை வந்தாள். 'மேற்படி என் பட்டறையில் மேற்படி மாணவியும் கிளறி செய்தார்.'

"மாணவியும்," என்றாள் மனைவி. "மாணவி-யும். நல்லா இருக்கு."

இரண்டாவது முறை சுத்தியலை வெட்டினேன். மனம் வரவில்லை, ஆனாலும் வெட்டினேன். பிள்ளைக்கு நான் இரும்பு கொடுத்ததையும், மிஷின் கொடுத்ததையும், பாதுகாப்புச் சொன்னதையும், என் மேற்பார்வையில் எல்லாம் சிறப்பாக நடந்ததையும் எழுதி, ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"ஐயா, இதைக் குடுத்தா பிள்ளைக்குக் கிடைக்கிறதை உங்களுக்குத்தான் குடுப்பினம்."

"அப்பிடியோ இருக்கு?"

"இதிலை 'நான்' எண்ட சொல்லை எடுத்துப்போட்டு எழுதிப் பாருங்கோ ஐயா."

எடுத்துப்போட்டேன். 'இந்தக் கிளறியைப் பிள்ளைதான் செய்தாள். நல்லது' என்று மட்டும் மிஞ்சியது. கையெழுத்து அதைவிட நீளமாக இருந்தது. ஆசிரியர் அதையும் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார். சரிதான், ஆனால் உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று இதில் இல்லையே, இதை யாரும் எழுதலாமே என்றார்.

அன்று நான் வீட்டுக்கு நேரே போகவில்லை. நான் இருந்தால் பிள்ளை இல்லை. நான் இல்லாவிட்டால் அறிக்கையே இல்லை. இப்படி ஒரு சிக்கல் எனக்கு இரும்பில் வந்ததில்லை. கிளறியை இன்னொருமுறை பார்க்கலாம் என்று அரிசி ஆலைக்குச் சைக்கிளை மிதித்தேன். அது இப்போது அங்கேதான் நின்றது.

தளத்தில் வெயில் வெள்ளையாக அடித்தது. பிள்ளையின் தாய் கிளறி பூட்டிய சைக்கிளை ஓட்டவில்லை, கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"இன்னும் ஓட்ட வரலீங்க மொதலாளி. ரெண்டு தடவ விழுந்தேன். அதான் தள்ளிக்கிட்டே போறேன்."

"தள்ளுறது கஷ்டம் இல்லையோ?"

"அது பரவாயில்லீங்க. இப்ப கால்ல செருப்பு போட்டுக்கலாம்ல."

நான் அவளின் காலைப் பார்த்தேன். நீல நாடா வைத்த றப்பர்ச் செருப்பு. காலால் சால் போடுகிறவர் செருப்புப் போட முடியாது. இத்தனை வருடமாக இந்த ஆலைக்குக் கேற், கூரை, சல்லடை என்று செய்து கொடுத்துவிட்டு, இந்தத் தளத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். சரி, அதைப் பற்றி இப்போது கதை இல்லை.

அவள் மறுபடி தள்ளத் தொடங்கினாள். நான் பின்னால் நடந்தேன். பின்னால் நடந்தால் என்ன செய்வது, படிக்கத்தான் வேண்டும். உபயம். பட்டறைப் பெயர். நூல் பிடித்ததுபோல் இரண்டு வரி. அந்த வரிகளுக்குக் கீழே, தகடு சட்டத்தோடு சேர்கிற இடத்தில், பிள்ளையின் ஒட்டு வேலை. கொக்கு இருந்துவிட்டுப் போன கிளைபோல் திட்டுத் திட்டாக இருந்தது. நான் நின்றுவிட்டேன். இந்த எழுத்தை எழுதின கையும் இந்த ஒட்டை ஒட்டின கையும் ஒன்று என்று எந்த மடையன் நம்புவான்?

நேரே வீட்டுக்குப் போய், மேசையில் இருந்து, ஒரே மூச்சில் எழுதினேன். இந்தமுறை பேனா நடுங்கவில்லை. எழுதியதை அப்படியே தருகிறேன்.

'இத்தால் அறியத்தருவது. வெல்டிங் வேலையில் இந்த மாவட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. நான் ஒட்டிய இடம் மீன் செதில் அடுக்கியதுபோல் இருக்கும். இந்தக் கிளறியில் ஒட்டிய இடங்கள் கொக்கு எச்சம்போல் இருக்கின்றன. இடப்பக்கக் குழாயில் ஓட்டை விழுந்து, அதைத் தகடு வைத்து மூடியிருக்கிறது. என் கையில் ஓட்டை விழாது. குறுக்குச் சட்டம் ஒரு பக்கம் இறங்கி இருக்கிறது. இதை நான் செய்திருந்தால் வெட்கத்தில் கடையைப் பூட்டியிருப்பேன். பல்லுக்கு இரும்பு போடச் சொன்னேன், பிள்ளை கேட்கவில்லை. சைக்கிள் வேண்டாம், கைப்பிடி வை என்றேன், கேட்கவில்லை. நான் சொன்ன எதையும் கேட்டு இதில் எதுவும் செய்யப்படவில்லை. பல்லு மூன்று விதமாக வெட்டிப் பார்த்து, இரண்டைக் கழித்தது அவள். ஒட்டு விட்ட இடங்களைத் திரும்பத் திரும்ப ஒட்டியதும் அவள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அதற்கு என் மனைவி சாட்சி. நான் கொடுத்தது பழைய இரும்பும் மின்சாரமும். இதை என் வேலை என்று யாராவது சொன்னால் அது என் தொழிலுக்கு இழுக்கு. ஆனால் இது வேலை செய்கிறது. தளத்தில் போய்ப் பார்க்கலாம்.'

மனைவி வாசிக்கத் தொடங்கி, கொக்கு எச்சத்தில் கண்ணாடியைக் கழற்றினாள். சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"இதிலை முதல் வரியை வெட்ட வேணுமோ?" என்று கேட்டேன்.

"அதை வெட்டினா மீதி நிக்காது," என்றாள். எங்கள் கலியாண வாழ்க்கையில் அவள் என் பெருமைக்குக் கொடுத்த முதல் அனுமதி அது.

அடுத்த கிழமை நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வலயத்தில் இருந்து அதே இருவரும் வந்திருந்தார்கள். பிள்ளை கிளறியின் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றாள். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மூத்தவர் அதை எடுத்து, எல்லோருக்கும் கேட்க வாசித்தார். வாசிக்க வாசிக்கப் பிள்ளையின் முகம் சிவந்தது.

"கொக்கு எச்சமோ, தாத்தா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொய் எழுதவோ?"

மூத்தவர் கடதாசியை மடித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று மீசையில் தெரிந்தது. ஆனால் வேலையில் கெட்டிக்காரர்.

"ஐயா, உங்கடை ஒட்டு மீன் செதில் மாதிரி இருக்கும் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதை நாங்கள் எங்கை பாக்கிறது?"

"நீங்கள் வந்த வழியிலைதான் சேர். முன் கேற்றைப் பாக்கேல்லையோ?"

எல்லோரும் கேற்றுக்கு நடந்தோம். கேற்றின் நடுவில் பெரிய எழுத்தில் உபயமும் என் பட்டறையின் பெயரும். அது யாருடைய வேலை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வர வழியில்லை. மூத்தவர் குனிந்து, கம்பியும் சட்டமும் சேர்கிற இடத்தை விரலால் தடவினார். பிறகு கிளறியை அங்கே கொண்டுவரச் சொல்லி, அதையும் தடவினார். மற்றவரும் தடவினார். நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் பெற்ற பாராட்டு அது ஒன்றுதான். அந்த ருசியில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம், ஆனால் அவர்கள் பிள்ளையின் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

இரண்டு பல்லை ஏன் கழித்தாய் என்று கேட்டார்கள். ஒன்று தடிப்பு, நெல்லைத் தள்ளிக் குவித்தது, மற்றது மெல்லிசு, மடங்கிப் போனது என்றாள். குழாயில் ஏன் ஓட்டை விழுந்தது என்று கேட்டார்கள். மின்சாரத்தைக் கூட்டி வைத்துவிட்டேன் என்றாள். சட்டம் ஏன் ஒரு பக்கம் இறங்கி இருக்கிறது என்று கேட்டார்கள்.

"அது எனக்கு இப்பத்தான் தெரியும் சேர். தாத்தா எழுதினதை நீங்கள் வாசிச்சாப் பிறகுதான் பாத்தனான்."

மூத்தவர் அதற்குமேல் அடக்கவில்லை, சிரித்தேவிட்டார். கேற்றிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஏற்றுக்கொள்ளப்பட்டது. என் அறிக்கையையும் அவளுடைய செயற்றிட்ட அறிக்கையின் பின்னால் இணைக்கச் சொன்னார். அதையும் இனி யாராவது படிப்பார்கள்.

பிள்ளை என்னைப் பார்த்து ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. "அந்தச் சட்டத்தை அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றுதான் சொன்னாள்.

"கையையும் வாயையும் கட்டச் சொன்னது ஆர்?"

சில நாள் கழித்து ஒரு பின்னேரம் அவள் கிளறியோடு பட்டறைக்கு வந்தாள். சட்டத்தை நிமிர்த்தப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிவப்பு மையும் தூரிகையும் வேண்டுமாம். கொடுத்தேன். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். என் பட்டறைக்குள் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி வாசலில் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். திரும்பிப் பார்க்கச் சொன்னபோது, என் இரண்டு வரிக்கும் கீழே மூன்றாவது வரி ஒன்று இருந்தது.

'பழைய இரும்பு மட்டும்.'

"எழுத்து சரியுது," என்றேன். "உன்ரை ஒட்டு மாதிரியே."

"மூண்டாவது வரி உங்கடை வேலை இல்லை எண்டு பாக்கிற எல்லாருக்கும் விளங்கும்தானே தாத்தா," என்றாள்.

போன கிழமை ஆலைக்கு ஒரு வேலையாகப் போனேன். தாய் தளத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓடுகிறாள் என்று முழுவதாகச் சொல்ல முடியாது. ஒரு கரையில் இருந்து மற்றக் கரைக்கு நேரே போவாள், திரும்பும்போது இறங்கித் தள்ளுவாள். பிள்ளை கரையில் நின்று, "அம்மா, பின்னாலை பாக்காதை, முன்னாலை பார்," என்று கத்தினாள். அவள் முன்னால் பார்த்தபடி போனாள். கிளறி பின்னால் சால் போட்டுக்கொண்டு போனது, ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கினபடி. எனக்கு முந்திப் போக இடம் இருந்தது. இருந்தாலும் அந்தக் கரை வரைக்கும் மூன்று வரியையும் படித்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.